நூறு கிராம் கசகசாவும் ஒரு போத்தல் மூடியும்

சர்பத் கரைத்துக் கொடுத்து வருங்கால மருமகனை வெளிநாட்டுச் சிறைக்கு அனுப்பப் பார்த்த மனிதன், எனக்குத் தெரிந்தவரை, வலிகாமம் முழுவதிலும் நான் ஒருவன்தான். (வேறு யாராவது இருந்தால் அறியத் தாருங்கள். சங்கம் தொடங்குவோம். தலைவர் பதவியை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள்.)

நான் தபாலகத்தில் வேலை பார்ப்பவன். வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்ப வருகிறவர்களைப் பார்த்து, "உள்ளுக்கு என்ன இருக்கு?" என்று கேட்பதுதான் இருபத்தாறு வருடங்களாக என் பிழைப்பு. ஒருமுறை ஓர் அம்மா, "பாசம்தான் தம்பி இருக்கு" என்றார். நான் விடவில்லை. பாசத்துக்குப் படிவத்தில் இடமில்லை என்று சொல்லி, "ஒடியல் மா, இரண்டு கிலோ" என்று எழுத வைத்துத்தான் அனுப்பினேன். அவ்வளவு கவனமான ஆள். அந்தக் கேள்வியை வாழ்நாளில் ஒரேயொரு பொதிக்குக் கேட்க மறந்தேன். அது நானே கட்டிய பொதி.

பதற்றப்படுவதிலும் எனக்கு அரசாங்க உத்தியோகத்தருக்கு உரிய ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் உள்ளங்கை வேர்க்கும். பிறகு வயிறு கலக்கும். அதன்பின், யாரும் கேட்காமலே, செய்யாத குற்றங்களையும் ஒப்புக்கொள்ளத் தொடங்குவேன். அன்றும் மூன்றும் வரிசை பிசகாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

விசயம் இதுதான். எங்கள் ஒரே மகள் ஆரணிக்கும் மயூரனுக்கும் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. மயூரனுக்குக் கட்டாரில் ஒரு கட்டடக் கம்பனியில் வேலை கிடைத்தது. போய் இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை. இரத்தம், சிறுநீர் எல்லாம் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் பாஸ் என்றால்தான் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரம் என்றால்தான் தை மாதத்தில் லீவு. லீவு கிடைத்தால்தான் தாலி. இப்படி என் மகளின் கல்யாணம் கடைசியில் ஒரு சிறுநீர்ப் போத்தலில் போய் நின்றது.

மயூரனுக்குத் தகப்பன் இல்லை. தாய் மட்டும்தான். தாவரவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், குறுக்காக வெட்டி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்த தண்டு போல உணர்வேன்.

மயூரன் புறப்படுகிற நாள், தாயும் மகனும் கொழும்புக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. காண்டாவன வெயில் கொளுத்திய நேரம். சுன்னாகத்துத் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

"ரண்டு போத்தில் சோடா வாங்கி வைப்பம்" என்றாள் என் மனைவி வசந்தி.

"கடைச் சோடாவோ? கட்டாருக்குப் போற பிள்ளைக்கு? நான் சர்பத் போடுறன்."

"நீங்களோ?"

(இந்த "நீங்களோ"வுக்குள் இருபத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கை முழுவதும் அடக்கம்.)

முதல் நாளே தொடங்கிவிட்டேன். நன்னாரி வேரைக் கழுவித் தட்டி, தண்ணீரில் ஊறப் போட்டு, காலையில் கொதிக்க வைத்து வடித்தேன். சீனி போட்டுப் பாணி காய்ச்சினேன். குசினியில் மணம் கோவிலுக்குள் நிற்பது போல இருந்தது. தேசிக்காய் பத்து பிழிந்தேன். அதோடு, சர்பத்துக்கு உயிர் எதுவோ அது: கசகசா. எள்ளைவிடச் சின்ன, கறுப்பு விதை. தண்ணீரில் போட்டால் ஊதி, வழுவழுவென்று ஒரு சட்டை போட்டுக்கொள்ளும். சின்ன வயதில் கூல்பாருக்குப் போனால் அதைக் கடிக்காமல் விழுங்குவதுதான் எங்கள் போட்டி.

சந்தைக் கடைக்காரர், "எவ்வளவு போட?" என்று கேட்டபோது, ஐம்பது கிராம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அரைக் கிலோ என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "அண்ணை கூல்பார் திறக்கப் போறியளோ?"

அந்தப் பார்வையின் பொருள் வீட்டில்தான் விளங்கியது. ஒரு கோப்பை விதையைச் சட்டிக்குள் போட்டுத் தண்ணீர் விட்டுவிட்டு, முகம் கழுவப் போய் வந்தேன். சட்டியைக் காணவில்லை. சட்டி இருந்த இடத்தில் தவளை முட்டை மலை ஒன்று எழுந்து, மேசை வழியாக இறங்கி, குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. வசந்தி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். தும்புத்தடியை மட்டும் என் கையில் தந்துவிட்டுப் போனாள்.

ஆனால் சர்பத் வெற்றி. பெரு வெற்றி. மயூரன் மூன்று கிளாஸ் குடித்தான். ரீச்சர்கூட, "நல்லாயிருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்ட மாணவர்கள் மாவட்டத்தில் ஐந்து பேர்தான் இருப்பார்கள். நான் நாலு கிளாஸ் குடித்தேன்.

மூன்றாவது கிளாஸ் முடிந்ததும் மயூரன் கதிரையில் சாய்ந்துகொண்டு, "மாமா, லேசாக் கிறுகிறுக்குது. சொர்க்கம்" என்றான்.

அப்போது அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்து சூட்கேஸை நிறுத்துப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நிறுக்கிற வேலையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை அல்லவா? விமானத்தில் முப்பது கிலோ கொண்டு போகலாம். தூக்குத் தராசில் மாட்டினேன். இருபத்தொன்பது கிலோ தொள்ளாயிரம் கிராம். நூறு கிராம் வீணாகப் போகிறது. என் உத்தியோக மனம் பொறுக்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் குசினிக்குப் போனேன். மிச்சம் கிடந்த கசகசாவில் சரியாக நூறு கிராம் நிறுத்து, பிளாஸ்ரிக் பைக்குள் போட்டுக் கட்டினேன். பார்சல் என்றால் பெயர் எழுத வேண்டும். எழுதினேன். கறுப்பு மாக்கர் பேனையால், ஆங்கிலத்தில், கொட்டை எழுத்தில், கே, ஏ, எஸ், ஏ என்று இரண்டு தரம்: கசகசா. சூட்கேஸுக்குள் நைஸாகச் செருகினேன். அங்கே போய்த் திறந்து பார்த்ததும் பிள்ளை மாமாவை நினைக்கும்.

(நினைத்திருப்பான்தான். கம்பிக்குப் பின்னால் இருந்து.)

மூன்றரைக்கு மயூரன் சூட்கேஸைப் பூட்டினான். வாடகைக்குப் பிடித்த வானில் தாயும் மகனும் ஏறினார்கள். நல்லூரில் பின்னேரப் பூசை பார்த்து அர்ச்சனை செய்துவிட்டு, அப்படியே கொழும்புக்குப் போவது திட்டம். ஆரணி நல்லூர்வரை அவர்களோடு போய், பஸ்ஸில் திரும்புவதாக இருந்தது. கை காட்டினோம். வசந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கட்டிலில் சரிந்தாள். நான் சர்பத் ஜொக்கைப் படமெடுத்து எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டேன். "கட்டார் செல்லும் மருமகனுக்கு மாமா கைப்படக் கரைத்த கசகசா சர்பத்" என்று கீழே எழுதினேன். பாராட்டுகளுக்காகக் கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

முதல் பாராட்டு சென்னையிலிருந்து வந்தது. என் பெரியம்மாவின் மகன் குகன் அண்ணை. முப்பது வருடத்துக்கு முதல் அங்கே போனவர். இப்போது அவர் பேசினால் பாதி எங்களுக்கு விளங்காது. குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

"டேய் தம்பி, என்னடா இது, கசகசாவா போட்டுக் குடுத்தே? அதுவும் கட்டார் போற பையனுக்கா? அது அபின் செடியோட விதைடா. இங்க நாங்க குருமாவுக்கு அரைச்சு ஊத்துவோம், அது வேற. அங்கல்லாம் சட்டைப் பையில நாலு விதை இருந்தாலே தூக்கி உள்ள போட்ருவான். மூத்திரத்துல வேற காட்டும். பாத்துக்கோ."

நான் அதை மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் அபின் என்றுதான் சொன்னார்.

போனில் "கசகசா" என்று தேடினேன். அபின் செடி. அபின் பூ. அபின் காய். கசகசா கொண்டுபோய் விமான நிலையத்தில் பிடிபட்டவரின் கதை. படத்தில் விதை வெள்ளையாக இருந்தது, எங்களுடையது கறுப்பு. எந்த மனிதனுக்கும் இந்த இடத்தில் நிம்மதி வந்திருக்கும். எனக்கு, கறுப்பு என்றால் வீரியம் கூடியதாக்கும் என்றுதான் தோன்றியது. கொஞ்சம் கீழே போனால், "கறுப்பு நிறத்திலும் உண்டு" என்று போட்டிருந்தது.

உள்ளங்கை வேர்த்தது.

குழுவில் நாற்பத்து மூன்று பேர். கனடாச் சித்தி "முருகா" என்று மட்டும் எழுதினார். லண்டனிலிருந்து யாரோ கும்பிடுகிற கைகள் பன்னிரண்டு அனுப்பினார்கள். மயூரனுக்குப் போன் அடித்தேன், நிறுத்தி வைத்திருந்தான். ஆரணிக்கு அடித்தேன், அவளும் அப்படியே. கோவிலுக்குப் போகிற பக்தர்கள். ரீச்சருக்கு அடிக்க எனக்குத் துணிவு இல்லை. "ரீச்சர், உங்கடை மகனுக்கு நான் அபின் குடுத்திட்டன்" என்பதை எந்தச் சொல்லில் தொடங்குவது?

அப்போதுதான் மயூரன் சொன்னது ஞாபகம் வந்தது. கிறுகிறுக்குது. சொர்க்கம்.

வயிறு கலக்கியது.

அறைக்குள் ஓடினேன். வசந்தி இரண்டு கிளாஸ் குடித்தவள், பிணம் போலக் கிடந்தாள். (தினமும் சாப்பிட்டபின் அப்படித்தான் கிடப்பாள். அந்த நேரத்தில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை.) பிடித்து உலுக்கினேன்.

"வசந்தி, என்னைத் தெரியுதோ? நான் ஆர்?"

கண்ணைத் திறந்தாள். "விசரர்" என்றாள். மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

அறிவு தெளிவாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு என் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். நாலு கிளாஸ் குடித்தவனின் நாடி. அது பறை அடித்துக்கொண்டிருந்தது.

என் மோட்டார் சைக்கிள் திருத்துமிடத்தில் கிடந்தது. ஆரணியின் ஸ்கூட்டி நின்றது. வீட்டில் கிடந்த மிச்சக் கசகசாவையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது, பொலிஸ் வந்து குசினியைச் சோதித்தால் வசந்தி மாட்டுவாள் என்று தோன்றியது. பையை எடுத்து ஸ்கூட்டியின் முன்கொளுக்கியில் கொழுவினேன். எங்காவது வாய்க்காலில் போட்டுவிடலாம். இப்படியாக, சர்பத் கறை பட்ட பெனியனும் சாரமும், ஒரு காலில் என் செருப்பும் மறு காலில் வசந்தியின் செருப்பும், தலையில் பூப்போட்ட இளஞ்சிவப்பு ஹெல்மெட்டுமாக நான் நல்லூரை நோக்கிப் புறப்பட்டேன்.

சாரத்தோடு ஸ்கூட்டி ஓட்டுவது ஒரு தனிக் கலை. வேகம் கூடக் கூடச் சாரமும் பதவி உயர்வு கேட்கும். ஒரு கையால் அதை அமர்த்தி, மறுகையால் ஓட்டி, வாயால் முருகனைக் கூப்பிட்டபடி போனேன். திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால் பஸ் ஒன்று குறுக்கே நின்று ஆட்களை ஏற்றியது. அது நகர்ந்ததும், பின்னால் நின்ற போக்குவரத்துப் பொலிஸ்காரர் கையை நீட்டினார்.

இளம் ஆள். தமிழ் புதிதாகப் பழகியிருந்தார்.

"ஐயா, ஹெல்மெட் பட்டி போடல்ல. எங்க அவசரம்?"

"கோவிலுக்கு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் பார்வை கொளுக்கியில் கொழுவியிருந்த பையில் விழுந்தது. முந்நூறு கிராம் இருக்கும். முந்நூறு கிராமுக்கு எத்தனை வருடம் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கியது.

"உள்ளுக்கு என்ன இருக்கு?"

இருபத்தாறு வருடங்களாக நான் மற்றவர்களைக் கேட்ட கேள்வி. அந்த அம்மா சொன்ன மாதிரி "பாசம்" என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"துளசி விதை. கோவிலிலை நட."

வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பெரிய பொய். பொலிஸ்காரர் பையைத் தொட்டு ஒரு கும்பிடு போட்டார். "நல்லது. பட்டி போடுங்க" என்றார். பட்டியைப் போட்டுக்கொண்டு, கடவுளின் பெயரில் போதைப்பொருள் கடத்தியவன் என்ற புதிய பட்டத்தோடு மேலே போனேன். பயத்தில் வாய்க்காலும் மறந்துபோனது.

கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தின் கீழ் வான் நின்றது. மூவரும் உள்ளே போயிருந்தார்கள். சாரதி இருக்கையைச் சாய்த்து, முகத்தில் துவாயைப் போட்டுக்கொண்டு கிடந்தார். பின்கதவு திறந்திருந்தது. சூட்கேஸ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர்கள் கோவிலுக்குள் இருந்து வருவதற்குள் பையை எடுத்துவிட்டால் பாதிக் குற்றம் தீரும். வயிற்றுக்குள் போன மீதிப் பாதிக்குப் பிறகு வழி பார்க்கலாம். சூட்கேஸை இழுத்தேன். மூன்று இலக்கப் பூட்டு. மயூரனின் பிறந்த திகதியையும் மாதத்தையும் சேர்த்துப் போட்டேன். திறக்கவில்லை. ரீச்சரின் வீட்டு இலக்கத்தைப் போட்டேன். திறக்கவில்லை. ஏன் என்று தெரியாமல், ஆரணியின் பிறந்த திகதியைப் போட்டேன்.

திறந்தது.

இந்தப் பிள்ளைக்கா நான் இதைச் செய்தேன்?

"ஆர் அது?" துவாய்க்குள் இருந்து சாரதியின் குரல்.

"நான் மாப்பிள்ளையின்ரை மாமா."

துவாய் விலகியது. அவர் என் ஹெல்மெட்டைப் பார்த்தார்; சாரத்தைப் பார்த்தார்; இரண்டு செருப்பையும் தனித்தனியாகப் பார்த்தார். "பொம்பிளையின்ரை தேப்பனோ?"

"ஓம்."

"அப்ப ஏன் அண்ணை பெட்டியைக் களவா உடைக்கிறியள்?"

"உடைக்கேல்லை தம்பி. திறக்கிறன்."

"நம்பர் எல்லாம் தெரிஞ்சு வைச்சிருக்கிறியள்" என்றார் அவர், கொஞ்சம் மரியாதையோடு. எழுந்து வந்து, வேடிக்கை பார்க்க வசதியாக மரத்தில் சாய்ந்துகொண்டார்.

மிளகாய்த்தூள் பைகள், பினாட்டு, பருத்தித்துறை வடை, சேட்டுகள், உள்ளாடைகள். ஒவ்வொன்றாக எடுத்து வான் இருக்கையில் அடுக்கினேன். கசகசாவைக் காணவில்லை. எங்கே செருகினேன் என்பது மூளையிலிருந்து துடைபட்டுப் போயிருந்தது. உள்ளே மணி அடித்தது. பூசை முடிகிறது. மிளகாய்த்தூள் பை ஒன்று வெடித்தது. தும்மல் தொடங்கியது. ஏழாவது தும்மலில் ஞாபகம் வந்தது: நசிபடக்கூடாது என்று சப்பாத்துக்குள் அல்லவா வைத்தேன்? வலச் சப்பாத்துக்குள் கையை விட்டேன். இல்லை. இடச் சப்பாத்துக்குள் முழங்கைவரை விட்டபோது, பின்னால் ஒரு குரல் கேட்டது.

"என்ன தேடுறியள், சம்பந்தி?"

ரீச்சர். நெற்றியில் திருநீறு, கையில் அர்ச்சனைத் தட்டு. கண்ணாடிக்கு மேலால் அதே பார்வை. பக்கத்தில் மயூரன், வெறும் மேலோடு, சேட்டைத் தோளில் போட்டபடி. அவனுக்குப் பக்கத்தில் என் மகள், நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்று பார்த்துக்கொண்டு.

"அப்பா" என்றாள் ஆரணி, மிக மெதுவாக. "ஏன் அவரின்ரை சப்பாத்துக்கை கை விட்டுக்கொண்டு நிக்கிறியள்?"

"கடிதம் கிடிதம் தேடுறாரோ தெரியேல்லை" என்றார் சாரதி உதவியாக. "இந்தக் காலத்துப் பெடியளை நம்பேலாதெல்லே."

மயூரனின் முகம் போன போக்கைப் பார்த்ததும், நான் முன்பு சொன்ன மூன்றாவது கட்டம் தொடங்கிவிட்டது. ஒப்புக்கொள்ளும் கட்டம்.

"ரீச்சர், நான் உங்கடை பிள்ளைக்கு அபின் குடுத்திட்டன்" என்றேன். "மூண்டு கிளாஸ். சூட்கேசுக்கையும் நூறு கிராம் வைச்சனான். சர்பத்திலை போட்ட கசகசா அபின் விதையாம். குகன் அண்ணை சென்னையிலையிருந்து சொன்னவர். பொலிசுக்கும் பொய் சொல்லிப்போட்டன். எனக்கு நாடி அடிக்கிற விதம் சரியில்லை. வசந்தி வீட்டிலை மயங்கிக் கிடக்கிறா. மோனே, நீ தொண்டைக்கை விரலை விட்டுக் கொஞ்சம் சத்தி எடுக்கப் பார்."

இவ்வளவையும் சொல்லும்போது சப்பாத்து இன்னும் என் கையில்தான் மாட்டியிருந்தது. அதற்குள் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன். பை வந்தது.

மயூரன் தன் வயிற்றைப் பார்த்தான். "மாமா, எனக்கு அப்பவே கிறுகிறுத்தது" என்றான். "நாளையிண்டைக்கு மெடிக்கல்." ஆரணி அவன் கையைப் பிடித்தாள். எட்டு மாதம் பேசி முடித்த கல்யாணம் என் கண் முன்னாலேயே வேப்பமரத்தடியில் நின்று அழப் பார்த்தது.

ரீச்சர் மட்டும் அர்ச்சனைத் தட்டை வான் இருக்கையில் வைத்தார். என் கையிலிருந்த பையை வாங்கினார். அவிழ்த்தார். இரண்டு விதையை உள்ளங்கையில் கொட்டி வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு மகனிடம், "தண்ணிப் போத்திலைத் தா" என்றார்.

போத்தலின் நீல மூடியைக் கழற்றி, மல்லாக்க வைத்து, தண்ணீர் விட்டார். ஒரு சிட்டிகை விதையை அதற்குள் போட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அபின் விதை எண்டால் ஊதாது. கிடந்தபடி கிடக்கும். மற்றது எண்டால் ஊதும். அஞ்சு நிமிசம் நில்லுங்கோ."

என் வாழ்க்கையில் அதைவிட நீளமான ஐந்து நிமிடம் இல்லை. நாங்கள் ஐந்து பேரும் ஒரு போத்தல் மூடியைச் சுற்றிக் குனிந்து நின்றோம். கோவிலிலிருந்து வந்த சிலர், என்ன தரிசனம் என்று தெரியாமல், எங்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு கிழவர் கும்பிட்டுவிட்டும் போனார். மூடிக்குள் கறுப்பு விதைகள் கிடந்தபடி கிடந்தன. என் மகளின் கல்யாணம் அந்த ஒரு விரலளவு தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

"ஊதேல்லை" என்றேன்.

"இன்னும் அரை நிமிசமும் ஆகேல்லை" என்றார் ரீச்சர்.

சாரதிதான் முதலில் கண்டார். "கரையிலை ஒண்டு சட்டை போடுது" என்றார்.

உண்மைதான். ஓரத்தில் கிடந்த ஒரு விதையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மெல்லிய வளையம். பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஊதத் தொடங்கின. அப்போதுதான் எனக்கு என் குசினி மேசை ஞாபகம் வந்தது. அன்று காலையில் ஒரு மலை அளவுக்கு ஊதியதைத் தும்புத்தடியால் கூட்டித் தள்ளியவன் நான். இந்தப் பரிசோதனையை ஏற்கெனவே, பெரிய அளவில், செய்து முடித்திருந்தேன்.

ரீச்சரிடம் இதைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. (ரீச்சர் இதை வாசித்தால், வணக்கம்.)

"உது துளசி இனத்து விதை" என்றார் அவர், நிமிர்ந்து. "நாங்கள் இஞ்சை உதைத்தான் கசகசா எண்டுறனாங்கள். இந்தியாவிலை உதுக்குப் பேர் சப்ஜா. அங்கை கசகசா எண்டால் வேறை விதை. உங்கடை அண்ணை சொன்னது அது. நீங்கள் போட்டது இது."

"துளசியோ?" என்றேன். பொலிஸ்காரருக்கு நான் சொன்ன பொய், எனக்குத் தெரியாமலே, உண்மையாக இருந்திருக்கிறது. பொய் சொல்வதிலும் தோற்றவன் நான்.

"அப்ப கிறுகிறுத்தது?" என்றான் மயூரன்.

"ரண்டு கோப்பை சோறு திண்டிட்டு மூண்டு கிளாஸ் சீனித் தண்ணி குடிச்சால் கிறுகிறுக்காமல் என்ன செய்யும்?" என்றார் தாய்.

ஆரணி சிரிக்கத் தொடங்கினாள். பிறகு மயூரன். சாரதி மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் வானின் படியில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் துணிவு வந்ததும், "அப்ப பையைத் திருப்பி வைப்பமோ ரீச்சர்?" என்று கேட்டேன்.

ரீச்சர் பையைத் திருப்பினார். என் கொட்டை எழுத்து அவர் கண்ணில் பட்டது. சிரிப்பு நின்றது. அவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"உதை ஆர் எழுதினது?"

"நான்தான். பார்சல் எண்டால் பேர் எழுத வேணுமெல்லே."

"விதையிலை ஒரு பிழையும் இல்லை" என்றார் ரீச்சர். "எழுத்திலைதான் முழுப் பிழையும். அங்கை விமான நிலையத்திலை நிக்கிறவன் உதை வாசிச்சால், உங்கடை குகன் அண்ணை விளங்கின மாதிரித்தான் விளங்குவான். பிள்ளையை நிப்பாட்டி, விதையைச் சோதிச்சு முடிக்க எத்தினை நாளோ."

நான் பயந்தது வீண் இல்லை. பயந்த காரணம்தான் பிழை. ஆபத்து விதைக்குள் இருக்கவில்லை. என் மாக்கர் பேனைக்குள் இருந்தது.

"அப்ப மாமா ஓடி வந்தது நல்லதுக்குத்தான்" என்றான் மயூரன். தங்கமான பிள்ளை.

"எழுதினவரே வந்து அழிச்சிருக்கிறார்" என்றார் ரீச்சர். "அதுக்கு மார்க்ஸ் போடேலாது."

பை என்னிடம் திரும்பி வந்தது. எல்லோரும் சேர்ந்து சூட்கேஸை அடுக்கினோம். வெடித்த மிளகாய்த்தூள் பையும் கழிந்ததில் நிறை குறைந்துவிட்டது. அதை நிரப்ப நான் ஒன்றும் கொடுக்கவில்லை. வான் புறப்பட்டது. ஆரணி பஸ்ஸில் போக மாட்டேன் என்று என் பின்னால் ஸ்கூட்டியில் ஏறினாள். வழி முழுவதும் என் முதுகு குலுங்கிக்கொண்டே வந்தது, அவள் சிரித்த சிரிப்பில்.

திருநெல்வேலியில் அதே பொலிஸ்காரர் நின்றார். கொளுக்கியில் கொழுவிய பையைப் பார்த்துவிட்டு, "நடல்லயா?" என்றார். "கோவிலிலை இடமில்லை எண்டிட்டினம்" என்றேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

குகன் அண்ணை இரவு முழுவதும் சிரித்துப் பதிவு அனுப்பினார். "சப்ஜான்னு முதல்லயே சொல்லித் தொலைக்கறதுதானேடா" என்றார். மூன்றாம் நாள் கட்டாரிலிருந்து மயூரனின் செய்தி: "மாமா, மெடிக்கல் பாஸ். சிறுநீரில் துளசி மட்டும்தான்."

அன்றிலிருந்து நான் குடும்பத்தில் அபின் மாமா. கனடாவிலும் லண்டனிலும் என் சொந்தப் பெயர் வழக்கொழிந்துவிட்டது. தபாலகத்தில் யாராவது பார்சலைக் கொண்டுவந்து கசகசா என்று சொன்னால், நான் படிவத்தைத் தள்ளி வைத்துவிட்டு அரை மணி நேரம் விளக்கம் கொடுக்கிறேன். வரிசையில் நிற்கிறவர்கள் திட்டுகிறார்கள்.

தை மாதம் சொன்னபடி கல்யாணம் நடந்தது. வந்தவர்களுக்கு என்ன குடிக்கக் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது, கசகசா சர்பத்தான் என்று மயூரனே அடித்துச் சொல்லிவிட்டான். அவனுடைய கூட்டாளிகள் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, கண்ணைச் செருகிக்கொண்டு, என் கண் முன்னால் தள்ளாடித் தள்ளாடி நடந்து காட்டினார்கள். நான் மண்டப வாசலில், பட்டு வேட்டியோடு, எல்லோரையும் வரவேற்றுக்கொண்டு நின்றேன்.

ரீச்சர் வந்து முன்வரிசையில் அமர்ந்தார். சம்பந்தி அல்லவா, நானே ஒரு கிளாஸைத் தட்டில் வைத்துக்கொண்டு போய், "குடியுங்கோ ரீச்சர்" என்று நீட்டினேன். அவர் வாங்கினார். குடிக்கவில்லை. கைப்பையைத் திறந்து எதையோ எடுத்து, மல்லாக்கக் கதிரைக் கையில் வைத்தார். ஒரு நீலப் போத்தல் மூடி. அதே மூடி. அதற்குள் என் சர்பத்தில் கொஞ்சம் ஊற்றினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிசம் நில்லுங்கோ, சம்பந்தி."

நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன். இப்போதும் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் தேத்தண்ணி கொடுத்தால்கூட, அந்த மூடி வெளியே வரும். தேத்தண்ணி ஊதாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் ஐந்து நிமிடம் முடியும்வரை நான் நிற்பேன்.